நம் மேலவையை மூடியாச்சு, டெல்லி மாநிலங்களவை மட்டும் எதற்கு?

வேளச்சேரி ஏரிக்கரை | 2025 அக்டோபர் 7, இரவு 9.40

ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாக்குவாதம். கூட வேலை பார்க்கும் ஒருவர், "தமிழ்நாட்டில் சட்ட மேலவையை, அதாவது எம்.எல்.சி. பதவியை 1986-லேயே ஒழிச்சாச்சு, மாநிலம் ஒண்ணும் நின்னுடலை. டெல்லியிலும் மாநிலங்களவையை இழுத்து மூடினா செலவாவது மிச்சம்" என்றார். மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு அனுப்புகிற 543 பேர் மக்களவையில் இருக்கும்போது, எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கும் இன்னொரு கூட்டம் எதற்கு என்பது அவர் கேள்வி. நான் மறுத்துப் பேசினேன், ஆனால் உருப்படியாக ஒரு காரணம்கூட வாயில் வரவில்லை.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். நாடாளுமன்றத்தில் எந்த அவைக்கு என்ன அதிகாரம், மாநிலங்களவை இல்லாவிட்டால் நிஜமாகவே எது மாறும் என்று கொஞ்சம் சொல்லுங்கள். "ஜனநாயகத்தின் தூண்" மாதிரி வசனம் வேண்டாம், ப்ளீஸ்.

தாம்பரம் லோக்கல் | இரவு 9.58

உங்கள் ஆபீஸ் நண்பர் சொல்வதுதான் சரி. தேர்தலில் தோற்றவருக்கும், கூட்டணியில் சீட்டுக் கிடைக்காதவருக்கும் ஆறு வருஷம் தங்க ஒரு லாட்ஜ் அது. போன ஜூன் மாதம் தமிழ்நாட்டிலிருந்து ஆறு பேர் போனார்கள். யாராவது ஓட்டுப் போட்டார்களா? எல்லாரும் போட்டியின்றித் தேர்வு. இதற்குத் தேர்தல் என்று பேர்.

பாரிமுனை கருப்புக் கோட்டு | இரவு 10.35

நண்பரின் வாதம் எங்கே இடறுகிறது என்றால், மாநிலத்து மேலவையையும் மாநிலங்களவையையும் ஒரே தட்டில் வைக்கிறார். இரண்டுக்கும் அதிகாரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மாநில மேலவையால் ஒரு மசோதாவைத் தடுக்கவே முடியாது, தாமதப்படுத்த மட்டும்தான் முடியும். முதல் முறை மூன்று மாதம். பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இன்னொரு மாதம். அதன் பிறகு மேலவை சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் மசோதா நிறைவேறியதாகக் கணக்கு. அரசியல் சட்டத்தின் 197-வது பிரிவு இது. ஒழிப்பதும் சுலபம். பேரவை மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானம் போட வேண்டும், நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்றை இயற்ற வேண்டும், வேலை முடிந்தது.

மாநிலங்களவை கதையே வேறு. 79-வது பிரிவு சொல்வது: நாடாளுமன்றம் என்றால் குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை மூன்றும் சேர்ந்தது. இதில் குடியரசுத் தலைவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவர் கையெழுத்து விழாமல் எந்த மசோதாவும் சட்டமாகாது. சாதாரண மசோதாக்களில் இரண்டு அவைகளுக்கும் சம அதிகாரம். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் இரண்டு அவைகளும் தனித்தனியாக, மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கில் நிறைவேற்றியாக வேண்டும். ஒரு அவை முரண்டு பிடித்தால் அத்தோடு மசோதா செத்தது.

மாநிலங்களவைக்கு மட்டுமே உள்ள அதிகாரங்களும் உண்டு. மாநிலங்களே சட்டம் போட வேண்டிய மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயத்தில் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும் என்றால், 249-வது பிரிவின்படி மாநிலங்களவைதான் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அனுமதி கொடுக்க வேண்டும். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். மாதிரி புதிதாக ஒரு அகில இந்தியப் பணி தொடங்குவதற்கும் அங்கேதான் முதலில் தீர்மானம். குடியரசுத் துணைத் தலைவரை நீக்கும் தீர்மானமும் அங்கேதான் பிறக்க முடியும்.

சரி, மக்களவையிடம் மட்டும் என்ன இருக்கிறது? கஜானா சாவி. வரி, அரசுச் செலவு மாதிரி விஷயங்கள் மட்டும் கொண்ட பண மசோதா அங்கேதான் அறிமுகமாகும். மாநிலங்களவை 14 நாளுக்குள் யோசனை சொல்லலாம், ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் இஷ்டம். மானியக் கோரிக்கைகள், அதாவது அரசுத் துறைகள் கேட்கும் செலவுத் தொகை மீது வாக்கெடுப்பும் மக்களவையில் மட்டும்தான். அமைச்சரவையின் உயிரும் அங்கேதான். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்ததே, அது மக்களவையில். மாநிலங்களவையில் தலைகீழாக நின்றாலும் ஆட்சியைக் கவிழ்க்க முடியாது.

கோட்டை ஓய்வு | இரவு 11.10

வக்கீல் தம்பி சட்டம் சொல்லிவிட்டார். நான் தலைமைச் செயலகத்தில் குப்பை கொட்டியவன், நம் மேலவைக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

"ஒண்ணும் நின்னுடலை" என்பது உண்மைதான். ஆனால் அந்த மேலவை சும்மா இருந்த இடமும் இல்லை. 1952-இல் ராஜாஜி முதலமைச்சரானது மேலவை நியமன உறுப்பினராக வந்துதான், தேர்தலில் நிற்கவே இல்லை. அது சரியா என்று அன்றைக்கே சண்டை நடந்தது. 1967-இல் அண்ணா தென்சென்னையில் மக்களவைக்கு ஜெயித்தவர், அதை விட்டுவிட்டு மேலவை வழியாக முதல்வரானார். கடைசித் தலைவராக இருந்தவர் ம.பொ.சி. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1986 மே மாதம் பேரவையில் தீர்மானம், நவம்பர் 1 முதல் மேலவை இல்லை. ஒரு நியமனத்தில் எழுந்த சர்ச்சைதான் உடனடிக் காரணம் என்பது அந்தக் காலத்துப் பத்திரிகை படித்த எல்லாருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தி.மு.க. வந்தால் மேலவை வேண்டும் என்று தீர்மானம், அ.தி.மு.க. வந்தால் வேண்டாம் என்று தீர்மானம். 1989-இல் வேண்டும், 1991-இல் வேண்டாம், 1996-இல் வேண்டும், 2001-இல் வேண்டாம். 2010-இல்தான் நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றியது. மேலவை கூடுவதற்குள் 2011 தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, கதை முடிந்தது. சட்டம் கையில் கிடைத்தும் அவை உட்காரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு முறையும் நாம் டெல்லியைத்தான் எதிர்பார்த்து நின்றோம். நம் சட்டமன்றத்துக்கு ஒரு அறை கூடுதலாக வேண்டுமா வேண்டாமா என்பதைக்கூட முடிவு செய்வது நாடாளுமன்றம். ஆந்திராவில் 2020-இல் மேலவையை ஒழிக்கத் தீர்மானம் போட்டு அனுப்பினார்கள். டெல்லி அசையவில்லை. அடுத்த ஆண்டு அவர்களே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

மாநிலத்தின் பெயரும் அப்படித்தான். "மெட்ராஸ்" என்பதைத் "தமிழ்நாடு" என்று மாற்றச் சொல்லி பூபேஷ் குப்தா என்ற வங்காளத்துக் கம்யூனிஸ்ட் உறுப்பினர் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1963-இல் அதை ஆதரித்து அங்கே பேசியவர் அண்ணா. மசோதா தோற்றது. பிறகு 1967 ஜூலையில் நம் பேரவைத் தீர்மானம், 1968-இல் நாடாளுமன்றச் சட்டம், 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. பெயரோ எல்லையோ, மூன்றாவது பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம். மாநிலத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. தெலங்கானா பிரிப்பு மசோதாவை 2014 ஜனவரியில் ஆந்திரப் பேரவை நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

வண்ணாரப்பேட்டை குரூப் ஒன் | அக்டோபர் 8, காலை 6.25

தேர்வுக்குப் படிக்கிறவன் கேட்கிறேன், பாரிமுனை அண்ணா. சாதாரண மசோதாவில் சம அதிகாரம் என்கிறீர்கள். ஆனால் இரண்டு அவைக்கும் ஒத்துப்போகாவிட்டால் கூட்டுக் கூட்டம் போடலாமே? 543 பேரும் 245 பேரும் ஒன்றாக உட்கார்ந்தால் மக்களவை சொல்வதுதானே ஜெயிக்கும்? அப்புறம் எங்கே சமம்?

பாரிமுனை கருப்புக் கோட்டு | காலை 8.50

நல்ல கேள்வி தம்பி. கணக்குப்படி நீ சொல்வதுதான் சரி. ஆனால் இத்தனை ஆண்டுகளில் மசோதாவுக்காகக் கூட்டுக் கூட்டம் நடந்தது மூன்றே முறை. 1961-இல் வரதட்சணைத் தடை மசோதா, 1978-இல் வங்கிப் பணி ஆணையத்தை ரத்து செய்யும் மசோதா, 2002-இல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்பு மசோதா. மாநிலங்களவை தோற்கடித்த பொடாவை அந்த மார்ச் 26 அன்று 425-க்கு 296 என்ற வாக்கில் கூட்டுக் கூட்டம் நிறைவேற்றியது. அப்போது ஆளும் கூட்டணியில் இருந்த வைகோ, அதே ஆண்டு ஜூலையில் அதே சட்டத்தில் நம் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கைதானார். மாநிலங்களவை சொன்ன ஆட்சேபங்கள் அப்போதுதான் இங்கே பலர் காதில் விழுந்தன என்று நினைக்கிறேன்.

அரசியல் சட்டத் திருத்தத்துக்குக் கூட்டுக் கூட்டம் கிடையாது, அதுதான் முக்கியம். 1970-இல் பழைய சமஸ்தான மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மானியத்தை ஒழிக்கும் மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் ஒரு ஓட்டுக்கும் குறைவான பின்ன வித்தியாசத்தில் விழுந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்கு என்றால் 149-க்கும் கொஞ்சம் மேலே வேண்டும். இந்திரா காந்தி தேர்தலுக்குப் போய், பெரிய வெற்றியோடு திரும்பி வந்து, 1971-இல் 26-வது திருத்தமாகத்தான் அதை நிறைவேற்ற முடிந்தது.

இன்னொன்று நம் தெருவரைக்கும் வருகிற உதாரணம். 1989-இல் பஞ்சாயத்துகளுக்கு ஒன்று, நகராட்சிகளுக்கு ஒன்று என ராஜீவ் காந்தி அரசு இரண்டு திருத்த மசோதாக்கள் கொண்டுவந்தது. மக்களவையில் அவருக்கு நானூறு பேருக்கு மேல். மாநிலங்களவையில் இரண்டும் தோற்றன. மாநிலங்களைத் தாண்டி டெல்லி நேரடியாக உள்ளாட்சிக்குள் நுழையப் பார்க்கிறது என்பது எதிர்க்கட்சிகளின் வாதம். திரும்பத் தயாரித்து, 1992 டிசம்பரில் 73, 74-வது திருத்தங்களாக வந்தன. 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சிக்கு மறுபடி தேர்தல் நடந்தது 1996-இல்தான், இந்தத் திருத்தங்கள் வந்த பிறகு. இரண்டுமே நல்ல சட்டங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் எந்த வடிவத்தில் வர வேண்டும் என்பதில் மாநிலங்களவைக்குப் பங்கு இருந்தது.

கொளத்தூர் மழை | காலை 9.15

அண்ணா அக்காமார்களே, இதெல்லாம் இருக்கட்டும். எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தை மூடவே இல்லை. எம்.பி.யிடம் மனு கொடுத்தால் நடக்குமா?

தாம்பரம் லோக்கல் | காலை 9.21

மாநகராட்சிப் புகார் எண் 1913-க்கு அடிங்க. எம்.பி. டெல்லியில் இருப்பார்.

கோட்டை ஓய்வு | காலை 9.50

கொளத்தூர் தம்பி, பள்ளம் மாநகராட்சி வேலை. வார்டு கவுன்சிலரையும் மண்டல அலுவலகத்தையும் பாருங்கள். எம்.பி.க்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி உண்டு, அதில் பரிந்துரை செய்யலாம். ஆனால் அவரிடம் கேட்டு வாங்க வேண்டியது வேறு: கேள்வி. ரயில்வே மேம்பாலம் ஏன் தாமதம், சுங்கச்சாவடிக் கணக்கு என்ன என்று அவர் எழுத்தில் கேட்டால் அமைச்சர் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20, எழுத்தில் மட்டும் பதில் தரும் நட்சத்திரம் இல்லாதது 230. அந்தப் பதில்கள் எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடக்கின்றன. டி.வி.யில் காட்டுகிற கூச்சலைவிட அதில் விஷயம் அதிகம்.

தாம்பரம் லோக்கல் | பகல் 12.40

வக்கீல் சார் 1970, 1989 என்று பழங்கதை சொல்கிறார். இன்றைய நிலவரத்துக்கு வருவோமா?

ஒன்று, பண மசோதா. ஒரு மசோதா பண மசோதாவா இல்லையா என்று சான்று தருவது மக்களவை சபாநாயகர். 2016-இல் ஆதார் மசோதாவைப் பண மசோதா என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். மாநிலங்களவை சொன்ன திருத்தங்களை மக்களவை அன்றைக்கே குப்பையில் போட்டது. உச்ச நீதிமன்றத்தில் 2018-இல் நான்கு நீதிபதிகள் சட்டத்தை ஏற்றார்கள், நீதிபதி சந்திரசூட் மட்டும் இதைப் பண மசோதாவாகக் கொண்டுவந்தது மோசடி என்கிற அளவுக்கு எழுதினார். 2019-இல் இந்தக் கேள்வியை ஏழு நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள். அது அங்கேயே கிடக்கிறது.

இரண்டு, 2020 செப்டம்பர் வேளாண் மசோதாக்கள். மாநிலங்களவையில் எண்ணி வாக்கெடுப்பு நடத்தச் சொல்லி எதிர்க்கட்சிகள் கத்தின. குரல் வாக்கெடுப்பில் முடித்துவிட்டார்கள். யார் எத்தனை என்று பதிவே இல்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் அந்தச் சட்டங்களை வாபஸ் வாங்கியது விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்ததால். மாநிலங்களவையாலா?

மூன்று, கொறடா, அதாவது இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் உத்தரவு. 1985 கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு எந்த அவையிலும் உறுப்பினர் சொந்தமாக யோசித்து வாக்களிக்க முடியாது. மீறினால் பதவி காலி. அப்புறம் "மூத்தோர் அவை", "நிதானமான விவாதம்" எல்லாம் எதற்கு?

நான்கு, மாநிலங்களின் பிரதிநிதி என்கிறார்கள். 2003-இல் சட்டத்தைத் திருத்தி, இந்தியாவில் எங்கே வாக்காளராக இருந்தாலும் எந்த மாநிலத்திலிருந்தும் போகலாம் என்று ஆக்கிவிட்டார்கள். நம்ம ஊர் எல்.முருகன் மத்தியப் பிரதேசத்தின் உறுப்பினர். நிர்மலா சீதாராமன் முதலில் ஆந்திரா, பிறகு கர்நாடகா. இதில் எந்த மாநிலத்தின் குரல் எங்கே கேட்கிறது?

மயிலை மாடவீதி | பகல் 1.30

தாம்பரம் தம்பி சொன்ன நாலில் மூன்று எனக்குச் சம்மதம். ஆனால் அதிலிருந்து "மூடு" என்று எப்படி வருகிறது? பண மசோதா முத்திரை குத்தி மாநிலங்களவையைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்றால், அங்கே தடை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஒன்றுக்கும் உதவாத அவையை எதற்கு இவ்வளவு பாடுபட்டுத் தவிர்க்கிறார்கள்?

கோட்டை ஓய்வு | பகல் 2.15

மாநிலங்களவைத் தேர்தல் நடக்கும் விதத்தைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் சொல்கிறேன். நம் 18 இடங்களில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆறு காலியாகும். 234 எம்.எல்.ஏ.க்கள், ஆறு இடம். 234-ஐ ஏழால் வகுத்தால் 33-க்குக் கொஞ்சம் மேலே. ஆகவே 34 முதல் விருப்ப ஓட்டு இருந்தால் ஒரு இடம் உறுதி. கட்சிகள் இந்தக் கணக்கைப் போட்டு, அதற்கேற்ற எண்ணிக்கையில் மட்டும் ஆளை நிறுத்துகின்றன. அதனால்தான் போட்டியின்றி முடிகிறது. கடைசியாக இங்கே உண்மையிலேயே ஓட்டுப் போட்டது 2013-இல்.

அப்படி ஓட்டு நடந்தால், தேர்தல் அதிகாரி தரும் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவால் 1, 2, 3 என்று எண் எழுத வேண்டும். வேறு பேனா செல்லாது. எழுதி முடித்ததும் சீட்டைப் பெட்டியில் போடுவதற்கு முன், அங்கே உட்கார்ந்திருக்கும் தன் கட்சி முகவரிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஓட்டுச் செல்லாது. வேறு ஆளிடம் காட்டினாலும் செல்லாது. 2017-இல் குஜராத்தில் இரண்டு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் காட்டக் கூடாதவருக்குக் காட்டி, நள்ளிரவில் தேர்தல் ஆணையம் அந்த இரண்டு ஓட்டையும் தள்ளியது. காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் தப்பியது அதனால்தான். இரகசிய வாக்கெடுப்பை எடுத்ததும் அதே 2003 திருத்தம்தான். பண பேரம் நடக்கிறது என்று காரணம் சொன்னார்கள். பேரம் நின்றதா என்று என்னைக் கேட்காதீர்கள், பென்ஷன்காரன்.

திருவான்மியூர் அலை | மாலை 4.05

நியமன உறுப்பினர்கள் 12 பேரைப் பற்றி யாரும் பேசவில்லையே. கலை, இலக்கியம், அறிவியல், சமூக சேவையில் பேர் எடுத்தவர்களைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். பெரும்பாலும் அலங்காரப் பதவி என்றுதான் நானும் நினைக்கிறேன், பலர் அவைக்கு வருவதே அபூர்வம். ஆனால் எங்கள் ஏரியாவில் ஒருவர் இருந்தார், அவரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். நாட்டியம் பற்றிப் பேசிவிட்டு வருவார் என்று எல்லாரும் நினைத்திருக்க, அவர் விலங்குவதைத் தடுப்புக்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். அப்படிப் பிறந்ததுதான் 1960 விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியம் பல ஆண்டுகள் சென்னையிலேயே இருந்தது.

இப்போது அதே சட்டத்தைப் பிடித்துக்கொண்டு 2014-க்கு வாருங்கள். உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது இந்தச் சட்டத்தின் அடிப்படையில்தான். 2017 ஜனவரியில் மெரினாவில் இரவும் பகலும் கூட்டம். நானும் போயிருந்தேன். செல்போன் வெளிச்சத்தைப் படம் எடுத்தவர்களுக்கு நடுவே ஒரு பையன், "மத்தியச் சட்டத்தை மாநிலம் எப்படி மாத்த முடியும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். யாரும் பதில் சொல்லவில்லை.

பதில் இதுதான். விலங்குவதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் இருக்கிறது. அங்கே நாடாளுமன்றமும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். மோதினால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். ஆனால் மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தால், அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் நிற்கும். 254-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. ஜனவரி 23-இல் நம் பேரவை திருத்த மசோதாவை நிறைவேற்றியது, மாதக் கடைசிக்குள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வந்துவிட்டது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வும் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் அதிலும் ஒரு கொக்கி உண்டு. நாடாளுமன்றம் நினைத்தால் நாளைக்கே இன்னொரு சட்டம் போட்டு நம் திருத்தத்தை மாற்றலாம்.

வண்ணாரப்பேட்டை குரூப் ஒன் | மாலை 5.20

அக்கா, இந்தப் பகுதியை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். கல்வியும் இதே கதைதானே? 42-வது திருத்தத்தில் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போனது. நீட் விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தேவைப்பட்டதும் அதனால்தான், கிடைக்காமல் போனதும் அங்கேதான்.

தனிநபர் மசோதா பற்றியும் ஒன்று சேர்க்கிறேன். இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக 1970-இல். திருநர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. மக்களவையில் அது கடைசிவரை நிறைவேறவில்லை. 2019-இல் அரசு தன் சொந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

வேளச்சேரி ஏரிக்கரை | இரவு 9.05

எல்லாருக்கும் நன்றி. மதியம் நண்பரிடம் 1989 கதையைச் சொன்னேன். "சரி, அது அரசியல் சட்டத் திருத்தம். அது எப்பவோ ஒரு தடவை வர்றது" என்றார். பிறகு அவரே ஒரு கேள்வி போட்டார். தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகைப்படி மக்களவை இடங்களைத் திரும்பப் பங்கிடுவது, வரப்போகிறது. மக்களவையில் நம் பங்கு குறைந்தால் மாநிலங்களவை காப்பாற்றுமா? இதற்கு என்னிடம் பதில் இல்லை.

மயிலை மாடவீதி | இரவு 9.45

அமெரிக்க செனட்டில் சின்ன மாநிலம், பெரிய மாநிலம் எல்லாவற்றுக்கும் இரண்டே இடம். நம் மாநிலங்களவை அப்படி இல்லை. உத்தரப் பிரதேசத்துக்கு 31, மகாராஷ்டிரத்துக்கு 19, நமக்கு 18, கோவாவுக்கும் சிக்கிமுக்கும் ஒவ்வொன்று. மக்கள்தொகையைப் பார்த்துப் போட்டதுதான், ஆனால் கொஞ்சம் சாய்த்து. முதல் 50 லட்சம் பேருக்குப் பத்து லட்சத்துக்கு ஒரு இடம், அதற்கு மேலே இருபது லட்சத்துக்கு ஒன்று. அதனால் பெரிய மாநிலத்தின் பலம் அங்கே சற்றுக் குறைகிறது. மக்களவையில் உத்தரப் பிரதேசம் 543-இல் 80, அதாவது 14.7 சதவீதம். மாநிலங்களவையில் தேர்ந்தெடுக்கப்படும் 233-இல் 31, 13.3 சதவீதம். நமக்கு மக்களவையில் 7.2, மாநிலங்களவையில் 7.7.

முக்கியமானது, மாநிலங்களவை இடங்கள் அரசியல் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தால் தானாக மாறாது. மக்களவை இடங்களோ 82-வது பிரிவின்படி ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் மாற வேண்டியவை. 1962 தேர்தலில் நமக்கு 41 மக்களவை இடங்கள், 1967-இல் 39. இரண்டு போனது அப்படித்தான். 2021-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைகூட இதை எடுத்துப் பேசியது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்ததற்குத் தண்டனையா என்ற கேள்வி அன்று கிளம்பியதுதான், இன்னும் அடங்கவில்லை. 1976-இல் 42-வது திருத்தம் 1971 கணக்கெடுப்போடு இடங்களை உறையவைத்தது. 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்புவரை நீட்டித்தது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று அறிவித்தாயிற்று.

பாரிமுனை கருப்புக் கோட்டு | இரவு 10.20

மயிலை சார் கணக்கு சரி. ஆனால் வேளச்சேரி நண்பருக்கு ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

மாநிலங்களவையின் பலம் திருத்தத்தைத் தடுப்பதில் இருக்கிறது. தொகுதி மறுவரையறையில் நிலைமை தலைகீழ். இப்போதிருக்கும் உறைநிலை முடிந்தால், இடங்களைப் புதிய கணக்கெடுப்புப்படி மாற்ற வேண்டும் என்பது அரசியல் சட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. அதற்குத் தேவை ஒரு மறுவரையறைச் சட்டம், சாதாரணப் பெரும்பான்மை போதும். உறைநிலையை நீட்டிக்க நினைப்பவர்களுக்குத்தான் திருத்தம் வேண்டும், இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். தென்மாநிலங்கள் எல்லாம் சேர்ந்தாலும் அந்த எண்ணிக்கை வராது.

மாநிலங்களவை குறுக்கே நிற்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. மக்களவைக்கு இப்போதைய உச்சவரம்பு 550. புதிய கட்டடத்தில் மக்களவைக்கு 888 இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். எந்த மாநிலத்துக்கும் குறையாமல் மொத்த எண்ணிக்கையைக் கூட்டலாம் என்றால் 550-ஐ உயர்த்தியாக வேண்டும், அது அரசியல் சட்டத் திருத்தம். அங்கே மாநிலங்களவையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதிர்த்து நின்றால் நடக்காது. அப்போது நம் 18 பேருக்கும் கேரளத்தின் 9 பேருக்கும் பேரம் பேச ஒரு இடம் கிடைக்கும். நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைத் தொடும் திருத்தத்துக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும் என்று 368-வது பிரிவு சொல்கிறது.

தாம்பரம் லோக்கல் | இரவு 10.48

பேரம் பேச 18 பேர் இருக்கிறார்கள், சரி. அந்த 18 பேரும் தமிழ்நாட்டுக்காரர்களாக இருப்பார்கள் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? 2003 திருத்தத்தை ரத்து செய்யாமல் இதெல்லாம் பேசி என்ன பயன்? உச்ச நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லையா?

பாரிமுனை கருப்புக் கோட்டு | இரவு 11.05

கேட்டார்கள். பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் வழக்குப் போட்டார். 2006-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்த மாநிலத்தில் குடியிருப்பது கூட்டாட்சிக்குக் கட்டாய நிபந்தனை இல்லை என்பது தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனால் சட்டம் அதுதான்.

பழைய நிலைக்குத் திரும்ப அரசியல் சட்டத்தைத் தொடவே வேண்டாம். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் மூன்றாவது பிரிவில் "இந்தியாவில்" என்று இருப்பதை மறுபடி "அந்த மாநிலத்தில்" என்று மாற்றினால் போதும். இரண்டு அவையிலும் சாதாரணப் பெரும்பான்மை. ஆனால் அதற்கு வாக்களிக்க வேண்டியவர்களில் வெளிமாநிலத்திலிருந்து வந்து உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு, அடுத்த முறை அப்படி யாரையாவது அனுப்பக் காத்திருக்கும் கட்சித் தலைமைகளும் உண்டு.

தாம்பரம் லோக்கல் | இரவு 11.09

அதைத்தான் சார் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.